அங்கே பேசுகிறாராம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அத்தையும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஈரத்தில் நிற்காதே என்று சொல்லலாம், ஆனால் நீ செய்வது அதற்கு ஏற்ற தொழில் இல்லையே.

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன். நீ அங்கே காற்றுக்கு மேலே கத்துகிறாய். நான் இங்கே மாமியார் காதுக்குப் பயந்து முணுமுணுக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

என் வீட்டுக்காரரை உன்னிடம் அனுப்பலாம் என்று இருக்கிறேன். நீ அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். சனிக்கிழமை பிள்ளைகளுக்கும், சாயங்காலம் வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கும் நடத்துகிற பாய்மரப் படகு வகுப்போடு, ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்கும் தனி வகுப்பு ஆரம்பித்திருக்கிறாய். அந்த நோட்டீஸை அவர் சாப்பாட்டு மேஜையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தாரா, படகுப் படத்தை மட்டும் பார்த்தாரா தெரியாது. சண்டையிலிருந்து வந்த பிறகு அவர் ஒரு பொருளை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

உனக்கு அவர் அதிகம் பேசுவதில்லை என்பது மட்டும்தான் தெரியும். மிச்சத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. 'ம்', 'வேணாம்', 'சரி'. ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் பேச்சு அவ்வளவுதான். அடுக்களையில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், மேஜைக்கு அடியில் போய் முடங்கிவிடுவார். நான் குனிந்து, கையைப் பிடித்து, மெதுவாக வெளியே கொண்டுவருவேன். சில நாள் உடுப்பு நனைந்திருக்கும். மாற்றிவிடுவேன். அத்தை கூடத்துக் கட்டிலில் இருந்தபடி, "என்னம்மா சத்தம்? என்னம்மா?" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல அத்தை, டம்ளர் விழுந்துச்சு" என்பேன். அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்த பிறகு எழுந்து வந்து பார்க்க முடியாது. அதுவரை நல்லது.

மூன்று மாதம் வைத்துக்கொள். பின்னாலிருந்து தொடாதே. கேள்வி கேட்டால் மூடிக்கொள்வார். வேலையைச் சொன்னால் செய்வார். வாசலைப் பார்த்தபடி உட்கார இடம் இருந்தால் நிம்மதியாக இருப்பார். உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்.

உன் அன்புத் தங்கை

—

பிப்ரவரி 27

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தார். என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நான்தான் அதன் பேச்சைக் கேட்டு நடக்கிறேன். நீயும் அத்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ இந்த இடத்தைப் பார்த்ததில்லை. துறைமுகத்தின் பழைய மூலை இது. சரக்குக் கப்பல்கள் புதுத் துறைக்குப் போனபின் மிஞ்சிய கிடங்கு ஒன்றை நகராட்சி எங்களுக்கு விட்டிருக்கிறது. கீழே படகுகள், மேலே பாய்களைக் காயப்போடும் கூடம். கூடத்தை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. அதில் கட்டிலை வாசலைப் பார்த்தபடி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் அங்கிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், அவர் வந்தது எனக்கும் நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் வகுப்பு என்றால் எனக்குக் கவலை இல்லை, தண்ணீரைக் காட்டினால் போதும். பெரியவர்கள் வகுப்பு ஒரு நாடகக் கொட்டகை. தலையில் பாய்க்கட்டை இடித்தால் என்னிடம் கோபித்துக்கொள்ளும் பல் டாக்டர், படகு நகர்ந்ததும் பழக்கதோஷத்தில் விசிலடிக்கும் பஸ் கண்டக்டர். ஆனால் ராணுவக்காரர்கள் வகுப்புதான் எனக்குக் கைவரவில்லை. முதல் நாள், "டென்ஷன் ஆகாதீங்க, ஃப்ரீயா இருங்க" என்றேன். டிரைவராக இருந்தவர் சொன்னார், "டீச்சரம்மா, ஃப்ரீயா இருந்ததாலதான் என் பக்கத்து சீட்டுல இருந்தவன் போனான்." அதோடு இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இன்னொருவர் செய்தி அனுப்பும் பிரிவில் இருந்தவர், எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிறார்கள். மகள் காரில் கொண்டுவந்து விடுகிறாள். காரைவிட்டு இறங்குவதில்லை. வகுப்பு முடியும்வரை கண்ணாடிக்குள் இருந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். அவர் ஒருமுறை உயிரை விடப் பார்த்தவராம். மகள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

நேற்று மாப்பிள்ளை கீழே இறங்கிவந்தார். மூலையில் சிக்கல் விழுந்த கயிறு மலையாகக் கிடந்தது. யாரும் சொல்லாமலே உட்கார்ந்து பிரித்து, சுருட்டி, ஆணியில் மாட்டிவைத்தார். "நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். "ம்" என்றார். நீ சொன்ன அதே 'ம்'.

உன் அக்கா

—

ஏப்ரல் 2

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகம்தானே? உன் பதில் வரவில்லை, ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியாது. மாப்பிள்ளை பேசினார்!

சாயங்கால வகுப்பு. பல் டாக்டரும் கண்டக்டரும் ஒரே படகில். காற்று சட்டென்று திசை மாறியது. அவர்கள் பாயை இழுத்துப் பிடித்த பிடியை விடவில்லை, படகு கவிழ்ந்தது. நான் காவல் படகில் ஏறி மோட்டாரை இழுக்கிறேன், இழுக்கிறேன், கிளம்பவில்லை. அப்போது ஒரு குரல். "கயித்தை விடுங்கய்யா! நீந்தாதீங்க, படகைப் புடிச்சுக்கங்க! படகை விட்டா செத்தீங்க!" யார் என்று திரும்பிப் பார்த்தேன். நம்ம மாப்பிள்ளை. படகுத்துறை விளிம்பில் நின்று, ஒரு பட்டாளத்துக்கே கேட்கிற மாதிரி. அடுத்த நிமிஷம் தண்ணீரில். நீந்திப் போய், கவிழ்ந்த படகின் அடிப்பலகையில் ஏறி நின்று, தன் எடையைக் கொடுத்து அதை நிமிர்த்தினார்.

கரைக்கு வந்ததும் கண்டக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், டிக்கெட் எடுக்காம ஏறுனதுக்கா இந்தத் தண்டனை?" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். வாய்விட்டு. எனக்கு அவர் சிரிப்புச் சத்தமே மறந்துபோயிருந்தது.

அதற்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். மறுநாள் நேரே ரேடியோவின் காருக்குப் போனார். கண்ணாடியைத் தட்டி, "இறங்கி வா. தண்ணியில பின்னாலேர்ந்து எவனும் வரமுடியாது. வந்தா சத்தம் கேக்கும்" என்றார். அவ்வளவுதான். ரேடியோ இறங்கினார். மகள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள்.

நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

உன் அக்கா

—

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தைக்கு ஒரு வாரமாகச் சளி, காய்ச்சல். இப்போது பரவாயில்லை. நான் சுகம். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். அது மட்டும் இல்லைதான்.

உன் கடிதத்தை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவே படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் எழுத்துப் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், நான் அவருக்கு லென்ஸ் மாற்ற மறந்து படித்துக்கொண்டிருக்கிறேன். "ஏம்மா, நான் வாசிக்கணுமா, நீங்க வாசிக்கணுமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே லென்ஸை மாற்றினேன்.

வீட்டுக்கு வந்து அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சும்மா இருக்கவில்லை. "உன் கையில இருந்தவரைக்கும் ஊமையா இருந்தான். உங்கக்கா கைக்குப் போனதும் வாய் வந்துருச்சு பாத்தியா. ராசின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். நான் அவருக்கு மருந்தை ஊற்றிக் கொடுத்தேன்.

நீ அவர் கத்தியதை எழுதினாய், சிரித்ததை எழுதினாய். சும்மா இருக்கும்போது என்ன பேசுகிறார்? சாப்பிடும்போது? அவர் பேசின வார்த்தைகளை அப்படியே எழுது. நான் அவர் குரலைக் கேட்கிறாற்போல இருக்கும். இங்கிருந்து நான் போன் செய்தால் எடுப்பதில்லை, தண்ணீரில் இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னைக் கேட்டாரா?

உன் தங்கை

—

மே 20

அன்புத் தங்கச்சிக்கு,

அத்தையின் காய்ச்சல் விட்டதா? எனக்கு இங்கே நிற்க நேரமில்லை. பள்ளிக்கூட விடுமுறை, பிள்ளைகள் வகுப்பு இரட்டிப்பாகிவிட்டது.

மாப்பிள்ளைதான் இப்போது பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறார். என்ன பேசுகிறார் என்று கேட்டாயே, எழுதுகிறேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு பெண் விரலை எச்சில்படுத்தி நீட்டினாள். "விரலை வாயில வெச்சே, பத்து வயசு கொறைஞ்சுட்ட. கன்னத்துல பாரு, கன்னம் பொய் சொல்லாது" என்றார். கூட்டமே சிரித்தது. சாப்பிடும்போது டிரைவரும் அவரும் பழைய மேலதிகாரிகளைப் போல நடித்துக் காட்டுகிறார்கள். ரேடியோ வாரம் தவறுவதில்லை. நின்றுபோன இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். இன்னும் புதிதாக ஆட்கள் வருகிறார்கள், மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக்கொண்டு.

வீட்டில் எல்லோரையும் விசாரித்தார்.

ஒரு விஷயம். கிடங்கை எங்களிடமே தொடர்ந்து விடுவதா, வேறு யாருக்காவது கொடுப்பதா என்று நகராட்சி இந்த வருஷக் கடைசியில் முடிவு செய்யப்போகிறது. ராணுவக்காரர்கள் வகுப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்று பேச்சு. ஒரு பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்துப் பேட்டி கண்டு போனார்கள். அதனால் மாப்பிள்ளை மூன்று மாதத்தோடு கிளம்பாமல், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே. உடம்புக்கும் நல்லதுதானே.

உன் அக்கா

—

ஜூன் 18

அக்காவுக்கு,

நானும் அத்தையும் இருக்கிறோம். நீ சுகமாக இருப்பாய்.

'வீட்டில் எல்லோரையும் விசாரித்தார்' என்று எழுதியிருந்தாய். இந்த வீட்டில் இருப்பது அத்தையும் நானும். இரண்டு பேரை எல்லோரும் என்று எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அரைப் பக்கத்துக்குப் படம். அவர் நடுவில், இரண்டு பக்கமும் தோளில் கை. யார் தோளிலோ கை போட்டிருக்கிறார் அக்கா. நான் பாத்ரூம் கதவைத் தட்டினாலே சுவரோடு ஒட்டிக்கொள்வார். அத்தைக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது, அதனால் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். நிருபர் கேட்கிறார், குடும்பம்? அவர் சொல்கிறார், "இவங்கதான் என் குடும்பம்." நான் அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனேன். அத்தை விடவில்லை. "நடுவுல ஒண்ணை முழுங்கிட்டியே. சொல்லு" என்றார். சொன்னேன். "பேப்பர்காரன் அவனா எழுதியிருப்பான்" என்றார். எனக்காக அவர் ஒரு பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

எனக்கு உன் வகுப்பு நன்றாக நடக்க வேண்டும். ரேடியோ பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் நான் உன்னிடம் கொடுத்தது மூன்று மாதத்துக்கு. மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஜூலையில் அனுப்பி வை. அனுப்ப முடியாவிட்டால், அவர் கையால் ஒரு வரியாவது எழுதி வாங்கி அனுப்பு.

தங்கை

—

ஜூலை 5

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு.

பத்திரிகைக்காரர்கள் ஒன்று சொன்னால் ஒன்று எழுதுவார்கள். மாப்பிள்ளையிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். "எழுதுறேங்க்கா" என்றார். மறுநாள் கேட்டேன். "எழுதுறேங்க்கா." நேற்றும் அதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு, வேலை இருக்கிறவர் போலப் பாய்க் கூடத்துக்குப் போய்விடுகிறார்.

இங்கே அவர் இல்லாமல் வகுப்பு நடக்காது. நான் அவரைப் போகச் சொன்னால் ரேடியோ அடுத்த வாரம் காரை விட்டு இறங்கமாட்டார். அது என் பயம் இல்லை, அவர் மகளே சொன்னாள். இத்தனை பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்லட்டும்? நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். எத்தனையோ பொறுத்தவள் நீ.

வேண்டுமானால் நீயே ஒருமுறை வந்து பாரேன். இப்போது கூட்டமாக இருக்கிறது, உன்னைச் சரியாகக் கவனிக்க முடியாது. மழை முடிந்ததும் வா.

உன் அக்கா

—

ஆகஸ்ட் 24

அக்கா,

சுகம் விசாரிக்கவில்லை. நீ நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அத்தையைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, விடியற்காலை பஸ் ஏறினேன். அவருக்குப் பிடித்த நீலச் சட்டையை எடுத்துக்கொண்டேன். அவர் விட்டுவிட்டுப் போனது. பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன், பைத்தியம் மாதிரி.

உங்கள் கிடங்குக்கு எதிரே டீக்கடை இருக்கிறதே, அங்கே உட்கார்ந்தேன். ராணுவக்காரர்கள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் வெளியே, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதையே ரொம்ப நேரம் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவர் வாசலுக்கு முதுகைக் காட்டியதே கிடையாது. உள்ளே யாரோ ஒரு பலகையைத் தவறவிட்டார்கள். வெடிச்சத்தம் மாதிரி. நான் டீ கிளாஸைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன், ஓடிப் போய் அவரைப் பிடிக்க. உடம்பு பழகிப்போச்சு அக்கா. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருய்யா அது? என் தலையில போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீக்கடைக்காரருக்கு உடைந்த கிளாஸைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

அவர் சரியாகிவிட்டார் என்று நினைத்தேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சண்டை, கோபம் எல்லாம் போய்விட்டது. ரோட்டைத் தாண்டி நடந்தேன். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன், கொடுக்க.

பாதி வழியில் அவர் என்னைப் பார்த்தார்.

அக்கா, நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீ யாரிடம் கேட்டாலும் இதை உனக்குச் சொல்லமாட்டார்கள், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த கயிற்றைக் கீழே விட்டார். மெதுவாகப் பின்னால் நகர்ந்தார், நகர்ந்து நகர்ந்து கிடங்குச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். முகம் மூடிக்கொண்டது. நான் ஆறு வருஷம் சோறு ஊட்டின முகம். ரேடியோவாக இருக்க வேண்டும், "என்ன தலைவரே, என்ன ஆச்சு?" என்று அவர் கையைப் பிடித்தார். பிடித்த கையை விட்டுவிட்டுத் திரும்பி, யாரைப் பார்த்து இவர் இப்படிப் பயப்படுகிறார் என்று தேடினார். ரோட்டில் நான்தான் இருந்தேன்.

நான் அப்படியே திரும்பிவிட்டேன்.

நீ அப்போது காவல் படகில் இருந்தாய். வெயிலில் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாய். ஒலிபெருக்கியை எடுத்து, "வகுப்புல சேரணுமாம்மா? திங்கட்கிழமை வாங்க, புது ஆளுங்களுக்கு அன்னிக்குத்தான்" என்றாய். கையும் ஆட்டினாய்.

நானும் ஆட்டினேன்.

—

செப்டம்பர் 12

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அது நீ என்று தெரியவில்லை. வெயில் கண்ணில் அடித்தது. சத்தியமாகத் தெரியவில்லை. அன்று மாப்பிள்ளை வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாடிக்குப் போனார். வயிற்றுவலி என்றார். நம்பினேன்.

நீ எழுதியதை அவரிடம் காட்டினேன். ஒன்று ஊருக்குக் கிளம்புங்கள், இல்லையென்றால் எழுதுங்கள், இரண்டில் ஒன்று செய்யாமல் படகைத் தொடாதீர்கள் என்றேன். எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் பிரித்துப் படிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

கிளம்புங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். அதை நான் சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை. இப்போது வகுப்பில் பதினாறு பேர் இருக்கிறார்கள்.

அக்கா

—

செப்டம்பர் 11

நீ சுகமாக இருக்க வேண்டும். அம்மா சுகமாக இருக்க வேண்டும்.

எனக்கு எழுத வராது. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நீ இல்லாவிட்டால் நான் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்கு நான் தண்ணீரில் குதித்தவன். அவர்கள் பார்த்தது அதை மட்டும்தான். நீ பார்த்தது வேறு. மேஜைக்கு அடியில் கிடந்தவனை நீ பார்த்தாய். துணி மாற்றிவிட்டாய். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. உன் முகத்தைப் பார்த்தால் நீ பார்த்ததெல்லாம் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு ரோட்டில் உன்னைப் பார்த்ததும், நான் இத்தனை மாதம் பேசினதெல்லாம் வேறு யாரோ பேசினது போல ஆகிவிட்டது.

நான் வந்தால் பழையபடி ஆகிவிடுவேன். அதனால் வரவில்லை. நீ இங்கே வராதே. கோபத்தில் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவை நீ நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும்.

—

நவம்பர் 3

அக்காவுக்கு,

அத்தையின் உடம்பு முன்னைப்போலத்தான். எனக்கு ஒன்றும் இல்லை.

அவர் கடிதத்தைப் பல தடவை படித்தேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள முடிந்தது, கடைசி வரியைத் தவிர. என் முகத்தைப் பார்க்க முடியாதாம், ஆனால் அம்மாவை நான் பார்த்துக்கொள்வேனாம். நான் துடைத்துவிட்டதாலேயே நான் வேண்டாதவளாம், ஆனால் துடைக்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறதாம்.

ஒரு முடிவுக்கு வந்தேன். அத்தையை உங்களிடம் அனுப்பிவிடுவது. வேன் பேசினேன். அத்தையின் துணி, மருந்து, மலச்சட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பாய் உலர்த்துகிற கூடத்தில் ஒரு கட்டில் போட இடம் இருக்கும், மகன் பார்த்துக்கொள்ளட்டும், பதினாறு பேர் உதவிக்கு இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்று எனக்கு ஈவு இரக்கம் ஒன்றும் இல்லை. அத்தையிடம் போய், "கிளம்புங்க. உங்க பையன்கிட்ட போறீங்க" என்றேன். இத்தனை நாள் மகன் மகன் என்று உயிரை விட்டவர், துள்ளுவார் என்று நினைத்தேன்.

"நான் போகல" என்றார்.

"ஏன்? ராசியில்லாதவ கையில எதுக்கு இருக்கீங்க? போங்க" என்றேன்.

"நான் போனா அவனுக்குத் திரும்பவும் நாக்கு ஒட்டிக்கும்."

எனக்குப் புரியவில்லை. அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டம்ளர் விழுந்துச்சுன்னு நீ சொன்னப்பல்லாம் நான் நம்புனேன்னு நெனச்சியா? இந்தக் கட்டில்லேர்ந்து பாத்தா அடுக்களைக் கதவு இடுக்குல அந்த மேஜை தெரியும். அவன் என்னையப் பாத்துருக்கான். நான் பாக்கறதை அவனும் பாத்துருக்கான். நானும் அவனுக்கு ஆகாதவதான்."

பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் அவன் வரமாட்டான்னு. உன்னையத் திட்டுனா, நீ என்னையப் போட்டுட்டுப் போக மாட்டேன்னு ஒரு நெனப்பு. திட்டு வாங்குறவ எங்க போவா?" என்றார்.

அவர் அழவில்லை. நானும் அழவில்லை. வேன்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். போய், வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். மூட்டையைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அடுக்கினேன்.

அத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். "அங்க பேசுறான்ல, பேசட்டும். எங்க இருந்தா என்ன" என்கிறார். பெற்ற மனசு. எனக்கு அந்த மனசு கிடையாது அக்கா. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஆறு வருஷம் குனிந்து கை கொடுத்து வெளியே எடுத்த மனிதரை நீ ஒரு மாதத்தில் நிமிர்த்திவிட்டாய். அது உன் கெட்டிக்காரத்தனம் என்று பத்திரிகையில் வந்தது. அவர் நிமிர்வதற்கு உயிரோடு உன்னிடம் வந்து சேர்ந்தாரே, அதை யாரும் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. பதினாறு பேரை எண்ணினாய். பதினேழாவதாக என்னையும் ஓர் ஆளாக வைத்து எண்ணிப்பார்த்தாயா என்று கேட்கத் தோன்றியது. கேட்க வேண்டாம் என்று இருந்தேன். கேட்டுவிட்டேன்.

உனக்குக் கல்யாணம் ஆகாததால் இதெல்லாம் தெரியாது என்று நீ சொல்வாய். உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் 'எல்லோரையும்' என்று எழுதினாய்.

அவருக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. என் கையெழுத்தைப் பார்த்தாலும் அவருக்குச் சுவர் தேவைப்படும். நீலச் சட்டையை வேன்காரருக்குக் கொடுத்துவிட்டேன். வீண் அலைச்சல் அலைந்தார் பாவம், அளவும் சரியாக இருந்தது.

நீ எனக்கு எழுத வேண்டாம். ஆனால் அத்தைக்கு எழுது. மகன் என்ன பேசுகிறார், எப்படிச் சிரிக்கிறார், யாரைக் கிண்டல் செய்கிறார் என்று முன்பு எழுதுவாயே, அந்த மாதிரி விவரமாக எழுது. ஒரு வார்த்தை விடாமல் எழுது. உறையின் மேல் அத்தை பெயரைப் போடு. என் பெயரில் வந்தால் நான் பிரிக்கமாட்டேன். அத்தை பெயரில் வந்தால், அவருக்குத்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியாதே, யாராவது வாசித்துக் காட்டித்தானே ஆக வேண்டும்.